எடை சரியாக இருந்தாலும் தொப்பை ஆபத்தா? ஆண்கள், பெண்கள் கவனிக்க வேண்டியது என்ன?

"வெயிட் கரெக்டாதான் இருக்கு, லேசா தொப்பை மட்டும்தான்!" – ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பலரும் இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்போம். ஆனால், எடையை விட அந்தத் தொப்பையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்கிறது மருத்துவம்.

2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளியானது. ஒருவர் புனேவைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யட்கின். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றுதான்: 22.3. ஸ்கேன் செய்து பார்த்தால் யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம்! யட்கின் மாரத்தான் ஓடுபவர் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் பிஎம்ஐ-யின் குறையை அந்தப் படம் காட்டிக்கொடுத்தது. உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்லும். அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது.

எங்கே சேர்கிறது என்பது ஏன் முக்கியம்?

கிள்ளினால் கைக்கு வருவது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு. இடுப்பிலும் தொடையிலும் இருக்கும் இந்தக் கொழுப்பு ஒரு குடோன் மாதிரி. மிச்சமாகும் கலோரியை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்.

வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு அப்படிச் சும்மா இருக்காது. அதிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் கலந்து நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலில் கொழுப்பு படிகிறது. இன்சுலின் வேலை செய்வது மந்தமாகிறது. சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, ரத்த அழுத்தம் எல்லாம் மெல்ல ஏறத் தொடங்குகின்றன.

ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன வித்தியாசம்?

பிரான்ஸின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947-லேயே இதைச் சுட்டிக்காட்டினார். பொதுவாக ஆண்களுக்கு வயிற்றில் சேரும். பெண்களுக்கு இடுப்பு, தொடையில் சேரும். மொத்தக் கொழுப்பு பெண்களுக்கே அதிகம் என்றாலும், வயிற்றுக்குள் படிவது ஆண்களுக்குத்தான் அதிகம்.

பெண்களின் கொழுப்பை இடுப்புப் பக்கம் அனுப்புவதில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், கொழுப்பு வயிற்றுப் பக்கம் திரும்புகிறது. பிசிஓஎஸ் உள்ள இளம் பெண்களுக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போக வாய்ப்பு அதிகம். எனவே, 'இது ஆம்பளைங்க பிரச்சினை' என்று பெண்கள் விட்டுவிட முடியாது.

சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, ஐசிஎம்ஆருடன் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாகின. பிஎம்ஐ கணக்குப்படி உடல் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம். தொப்பையை வைத்துப் பார்த்தால் 39.5 சதவீதம்!

வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

தையல் டேப் ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். பேன்ட் சைஸை நம்ப வேண்டாம். பலரும் தொப்பைக்குக் கீழேதான் பேன்ட் போடுகிறார்கள்.

* ஆண்கள்: 90 செ.மீ.க்குள்
* பெண்கள்: 80 செ.மீ.க்குள்
* இருவருக்கும்: உயரத்தில் பாதிக்குள்

கூடுதலாக இருந்தால்?

பயப்பட வேண்டாம். மருத்துவரைப் பார்த்து சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளலாம். வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்தால் தொப்பை கரையாது. வேகமான நடை, தசைக்கு வேலை தரும் பயிற்சி, இனிப்பு பானங்களையும் மதுவையும் குறைப்பது, சரியான தூக்கம் – இவைதான் பலன் தரும். எடை மெஷினில் பெரிய மாற்றம் தெரியாவிட்டாலும், உடற்பயிற்சியால் உள்ளே இருக்கும் கொழுப்பு குறைய முடியும். அதனால் எடையோடு சேர்த்து, மாதம் ஒருமுறை டேப்பையும் எடுத்துப் பாருங்கள்.