வெந்நீரில் கரையும் விறகும் மின்சாரமும்

சிக்கனம் கூட்டுறவின் முதற்பாடமாகும். பணத்தில் சிக்கனம் பேணும் நம் அங்கத்தினர் பலர், அன்றாடம் வெந்நீர் காய்ச்சுவதில் நேரும் விரயத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. மார்கழிப் பனியில் வாழப்பாடி வட்டாரத்தில் வெந்நீர் ஆடம்பரமன்று. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இன்றியமையாதது. ஆகவே, வெந்நீரைக் குறையாமல் செலவைக் குறைப்பது எவ்வாறு என ஆராய்வோம்.

1 லிட்டர் நீரின் உஷ்ணத்தை 1 டிகிரி உயர்த்த 1 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஒரு குடும்பத்தின் குளியலுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் எனக் கொள்வோம். 25 டிகிரியிலுள்ள நீரை 40 டிகிரிக்குக் கொணர 1,500 கிலோ கலோரி தேவை. 1 யூனிட் மின்சாரம் தருவது 860 கிலோ கலோரி. எனவே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் யூனிட். இரு மாதங்களுக்குச் சுமார் 105 யூனிட். 2016 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அத்தனையும் குளியலறையிலேயே கரைந்துபோகும். விளக்குக்கும் விசிறிக்கும் பணம் கட்ட நேரும்.

விறகின் கணக்கு இதனினும் கடுமையானது. உலர்ந்த விறகு 1 கிலோவில் சுமார் 3,500 கிலோ கலோரி உண்டு. ஆயினும் மூன்று கல் கூட்டிய திறந்த அடுப்பில் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே நீரைச் சேரும். எஞ்சியது காற்றோடும் புகையோடும் போய்விடும். ஆகவே அதே குளியலுக்கு 4 கிலோவுக்கு மேல் விறகு எரியும். நடுவில் தீக்குழாய் அமைந்த செப்புப் பாய்லரில் நெருப்பைச் சூழ்ந்து நீர் நிற்பதால் இவ்விரயம் பெரிதும் குறைகிறது.

கைக்கொள்ள வேண்டியவை எளியனவே. அண்டாவை மூடிக் காய்ச்சுக. அடுப்பின் மூன்று புறமும் மண் சுவர் எழுப்பித் தீயைக் காக்க. ஈர விறகின் வெப்பத்தில் ஒரு பகுதி அதன் ஈரத்தைப் போக்கவே செலவாகும். ஆதலால் விறகையும் பாக்கு மட்டையையும் நன்கு உலர்த்திய பின்னரே எரிக்க. மின்சாரக் கொதிகலனை நாள் முழுதும் ஓடவிடலாகாது. மிகுந்த சூட்டில் வைத்துப் பின் விளாவுவதற்காகக் காத்திருக்கும் நீர் வீணே ஆறுகிறது. குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, காய்ந்ததும் நிறுத்துக. குழாய் குட்டையாக இருத்தல் நலம். நீண்ட குழாயில் தங்கும் வெந்நீர் ஒவ்வொரு முறையும் பயனின்றி ஆறிவிடும்.

சூரிய வெப்பச் சாதனம் நாடுவோர், நிழலற்ற மொட்டைமாடியில் அதைத் தெற்கு நோக்கி அமைக்க. வெந்நீர்க் குழாய்க்கு வெப்பங் காக்கும் உறையிடுக. கண்ணாடியில் படியும் தூசியைத் துடைத்துவருக. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீர் உள்ளே படிவமாக உறையும். அதை அவ்வப்போது அகற்றுதல் அவசியம்.

புதிய சாதனத்துக்குக் கடன் மனு எழுதுமுன், பழைய அடுப்பின் ஓட்டையை அடைப்பதே அறிவுடைமை. மிஞ்சும் தொகை சங்கத்தின் சேமிப்புக் கணக்கில் சேரட்டும்.