கேட்டபின் முடிவு

கனடா நாட்டின் வடமேற்கில் மக்கென்சி என்னும் பேரியாறு ஓடுகின்றது. அது வடக்கு நோக்கிச் சென்று ஆர்க்டிக் கடலிற் கலக்கின்றது. அதன் கரைகளில் தெனே மக்களும், கழிமுகப் பகுதியில் இனுவியாலுயித் மக்களும் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர். கரிபூ என்னும் பனிமானை வேட்டையாடுதலும் மீன் பிடித்தலும் அவர்களுடைய பழந்தொழில்கள் ஆகும்.

1968-ஆம் ஆண்டில் அலாஸ்காவின் வடகரையில் எண்ணெயும் எரிவாயுவும் மிகுதியாக இருத்தல் கண்டறியப்பட்டது. அவ்வாயுவைத் தெற்கிலுள்ள நகரங்களுக்குக் கொண்டுசெல்ல, வட யூகான் வழியாகவும் மக்கென்சிப் பள்ளத்தாக்கின் வழியாகவும் பெருங்குழாய் அமைக்கச் சில நிறுவனங்கள் விரும்பின. குழாய் வந்தால் வேலையும் செல்வமும் பெருகும் என்றனர் ஒரு சாரார். மான்கள் கன்று ஈனும் நிலம் கெடும் என்று அஞ்சினர் மற்றொரு சாரார். இதனை ஆராயுமாறு தாமஸ் பெர்கர் என்னும் நீதிபதியை 1974-இல் அரசாங்கம் நியமித்தது.

பெர்கர் 35 ஊர்களுக்குத் தாமே சென்றார். ஊர்ப் பொதுமனைகளிலும் மீன்பிடிப்போர் தங்கும் முகாம்களிலும் அமர்ந்து, ஏறத்தாழ 1,000 பேர் கூறியவற்றைப் பொறுமையுடன் கேட்டார். மக்கள் தத்தம் தாய்மொழியிலேயே பேசினர்; மொழிபெயர்ப்போர் உடனிருந்து உதவினர். நிகழ்ந்தவற்றை வானொலியும் அம்மொழிகளில் ஒலிபரப்பிற்று. பழங்குடி அமைப்புகள் தம் கருத்தை ஆயத்தம் செய்தற்கு அரசாங்கமே பொருளுதவி அளித்தது. வல்லுநர்கள் அளவுகளையும் கணக்குகளையும் எடுத்துரைத்தனர். ஊர் மக்களோ தாம் வேட்டையாடும் நிலங்களையும் மீன் பிடிக்கும் நீர்நிலைகளையும் எடுத்துரைத்தனர். இருவகை அறிவும் ஒருங்கே ஆராயப்பட்டன.

1977-இல் பெர்கரின் அறிக்கை வெளிவந்தது. வட யூகான் வழியே குழாய் அமைத்தலே ஆகாது; மக்கென்சிப் பள்ளத்தாக்கில் அப்பணியைப் பத்தாண்டுகள் ஒத்திவைத்து, முதலில் அம்மக்களின் நில உரிமையைத் தீர்த்தல் வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். அவ்வாண்டில் அக்குழாய்த் திட்டம் இசைவு பெறவில்லை. பின்னர் 1984-இல் இனுவியாலுயித் மக்களுடன் நில உரிமை உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் பயனாக வட யூகானில் ஒரு தேசியப் பூங்காவும் அமைந்தது.

பழங்குடியினரின் உரிமையைப் பாதிக்கக்கூடிய முடிவை மேற்கொள்ளுமுன், அவர்களைக் கலந்தாலோசித்தல் அரசாங்கத்தின் கடமை என்று 2004-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் ஹைடா மக்களின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆயினும், அக்கடமை திட்டத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை அவர்களுக்கு வழங்குவதாகாது என்றும் அத்தீர்ப்புக் கூறிற்று. ஆதலின், கேட்போரின் நேர்மையே அக்கடமைக்கு உயிராகும். முடிவைச் செய்துகொண்டு பின்னர்க் கருத்துக் கேட்டல் வெறுஞ்சடங்கே. கேட்டவற்றால் தம் முடிவை மாற்றிக்கொள்ளவும் ஆயத்தமாய் இருப்பவரே உண்மையில் கேட்பவர் ஆவர்.