ஒரு சொட்டின் பூர்வீகம்

பண்ணாரியைத் தாண்டியதும் திம்பம் மலைப்பாதை தொடங்கிவிடும். 27 கொண்டை ஊசி வளைவுகள். சத்தியமங்கலத்திலிருந்து மைசூர்ப் பக்கம் சரக்கேற்றிப் போகும் லாரிகள் முதல் கியரில் முக்கி முனகி ஏறும். அவற்றில் ஒன்று வழியில் நின்றிருப்பதைப் பார்க்காமல் மலையேறி வந்தவர்கள் குறைவு. பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த கல், குடத்தோடு தண்ணீர் தேடிப் போகும் கிளீனர், முன்பக்கத்திலிருந்து புசுபுசுவென்று எழும் ஆவி.

“ஹீட் ஏறிடுச்சுங்க” என்பார் ஓட்டுநர். “தினமும் தண்ணி ஊத்தறோம், தினமும் குறையுது. எங்க ஒழுகுதுன்னுதான் தெரியல.”

தெரியாமல்தான் போகும். லாரியில் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், ஒழுகுவதைக் கண்டுபிடிப்பது, ஓட்டைப் பானையில் ஓட்டையைத் தேடுவது போன்றதல்ல. பானையில் தண்ணீர் சும்மா இருக்கிறது. இங்கே அது கொதிக்கத் துடித்தபடி, கொதிக்க விடாமல் அடக்கப்பட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு கணக்குப் போடலாம். 200 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் முழு மூச்சில் இழுக்கும்போது அது தரும் ஆற்றல் சுமார் 150 கிலோவாட். எரிந்த டீசலின் ஆற்றலில் இது ஐந்தில் இரண்டு பங்குதான். மீதியில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. மொத்தத்தில் கால் பங்கு, ஏறத்தாழ 90 கிலோவாட் வெப்பம், எஞ்சினின் உடம்பிலேயே இறங்குகிறது. வீட்டில் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டிகள் தொண்ணூறை ஒரே இரும்புத் துண்டின் மேல் வைத்தது போல. சிலிண்டருக்குள் எரியும் வாயு 2,000 டிகிரி செல்சியஸைத் தொடும். பிஸ்டனைச் செய்திருக்கும் அலுமினியம் உருகுவதற்கு 660 டிகிரி போதும். அது உருகாமல் இருப்பதற்கு, சுற்றிச் சுற்றி ஓடும் முப்பது லிட்டர் சொச்சம் திரவம்தான் பொறுப்பு. அந்த வெப்பத்தை ரேடியேட்டர் வெளியேற்றாமல் போனால், 85 டிகிரியில் இருக்கும் 30 லிட்டர் தண்ணீர் 120 டிகிரிக்குப் போக ஒரு நிமிடம்கூட ஆகாது.

120 என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்தது ரேடியேட்டருக்குப் பொருந்தாது. ரேடியேட்டர் மூடிக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. குக்கரில் வெயிட் செய்யும் வேலையை அது செய்கிறது. 15 பவுண்டு என்று குறித்த மூடி, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தத்தை உள்ளே தேக்கி வைக்கும். அப்போது தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரி வரை உயர்ந்துவிடுகிறது. இந்த இருபது டிகிரியை நம்பித்தான் லாரி மலையேறுகிறது.

அதனால்தான் கசிவு என்றால் ‘தண்ணீர் போகிறது’ என்று மட்டும் நினைத்தால் பாதி விஷயம் பிடிபடாது. வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலும் மணிக்கு 180 மில்லிதான் குறையும். ஒரு டம்ளர் தண்ணீர். ஆனால் மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் தரையில் ஒரு சொட்டும் விழாமலேயே அழுத்தம் முழுக்கப் போய்விடும். 120 வரை தாங்க வேண்டிய தண்ணீர் 100-லேயே கொதிக்கும். திம்பத்தின் உச்சி கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். அங்கே இன்னும் மூன்று டிகிரி முன்னதாகவே கொதிக்கும். நூறு ரூபாய்ச் சாமான் ஒன்று பல்லிளித்ததற்கு எஞ்சினையே இறக்கிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

சூடாக நிற்கும் வண்டியின் மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் இதே அழுத்தம்தான் காரணம். உள்ளே 110 டிகிரியில் இருக்கும் தண்ணீர், மூடி கழன்ற கணத்தில் 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். இறங்குவதற்கு அது தன்னில் ஒரு பகுதியை ஆவியாக்கும். லிட்டருக்கு 18 கிராம் போல, இரண்டு கரண்டித் தண்ணீர். அந்த இரண்டு கரண்டி முப்பது லிட்டர் ஆவியாக விரியும். முப்பது லிட்டருக்கும் சேர்த்து நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். முகத்தில் அடிப்பது அதுதான்.

கசிவை ஒரு நோயாகப் பார்ப்பதே பிற்காலத்துப் பழக்கம். கார்ல் பென்ஸின் முதல் மோட்டார் வண்டியில், 1886-இல், தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதுதான் குளிர்விக்கும் முறை. 1888-இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலேயே மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டர் போனபோது, கிடைத்த இடத்திலெல்லாம் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார். 1900-இல் பொறியாளர் வில்ஹெல்ம் மைபாக் தேனடை போன்ற ரேடியேட்டரைச் செய்தார். ஆறு மில்லிமீட்டர்ச் சதுரக் குழாய்கள் 8,070-ஐ அடுக்கி, ஒன்பது லிட்டர் தண்ணீரையே திரும்பத் திரும்பக் குளிர்வித்து அனுப்பினார். தண்ணீர் குறையக் கூடாது என்ற நிலைமை அதன் பிறகு வந்ததுதான்.

சரி, பட்டறைக்கு வருவோம். நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பேனரைத் தொடமாட்டார். ஆறின எஞ்சினைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒழுகின கூலன்ட் எஞ்சின் சூட்டில் காய்ந்துவிடும். அதன் உப்பு காயாது. பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு பொருக்கு தட்டியிருக்கும். போர்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியென்றால், வெந்நீர்ப் பானையின் அடியில் படியுமே, அந்த வெள்ளை. சொட்டு விழுகிற இடத்தை நம்பக் கூடாது. ஃபேன் அதைப் பின்னால் அடித்துக்கொண்டு போயிருக்கும். இரும்பு விளிம்புகளில் ஊர்ந்து வந்து வேறெங்கோ சொட்டும். விழுந்த இடத்திலிருந்து மேல்நோக்கி, முன்நோக்கித் தேட வேண்டும்.

அப்படித் தேடும்போது அதிகம் மாட்டுவது வாட்டர் பம்ப். அதன் அடிப்பக்கம், வேண்டுமென்றே விட்ட ஒரு சின்னத் துளை இருக்கும். தண்ணீர்ப் பக்கத்து சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் இடத்திலிருந்து வெளியே திறக்கும் வழி. சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் இந்தத் துளை வழியாக வெளியே வந்து ஆளைக் கூப்பிடும். ஆங்கிலத்தில் அதற்கு ‘அழும் துளை’ என்றே பெயர். அந்தத் துளையைப் பசை வைத்து அடைத்து, “ஒழுகல் நின்னுடுச்சு” என்று காசு வாங்கிப் போகிற புண்ணியவான்களும் உண்டு. பிறகு பேரிங் இறுகும், பெல்ட் அறும், மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வகை ஒழுகல் விடியற்காலையில் மட்டும் வரும். ஓடும்போது ஒரு சொட்டும் இருக்காது. இரவெல்லாம் நின்ற வண்டியின் அடியில் ஈரம் இருக்கும். குளிரில் ரப்பர் ஹோஸ், அதன் உள்ளே இருக்கும் உலோகக் குழாயைவிட அதிகமாகச் சுருங்கும். கிளாம்ப் சுற்றளவு மாறாமல் அப்படியே நிற்கும். நடுவில் முடி அளவு இடைவெளி. வண்டி சூடானதும் ரப்பர் விரிந்து தானாக அடைத்துக்கொள்ளும். பட்டறை திறக்கும் நேரத்துக்குச் சாட்சி அழிந்திருக்கும்.

இப்படி ஒளிந்து விளையாடும் கசிவுகளைப் பிடிக்க ஒரு கைப்பம்ப் இருக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிப்பது மாதிரி. ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டி, எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே 15 பவுண்டு ஏற்ற வேண்டும். சூடான எஞ்சின் உண்டாக்கும் அழுத்தம் சூடில்லாமல் வந்துவிடுகிறது. ஆவியாகி மறைய வழியில்லாத தண்ணீர் எங்கே ஓட்டையோ அங்கே முத்து முத்தாக நிற்கும். மூடியைத் தனியாக அதே பம்பில் மாட்டிச் சோதிக்கலாம். செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான் என்பேன், கடைசியாகத்தான் செய்கிறார்கள்.

பம்ப் அடித்தும் வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் பம்பில் அழுத்தம் காட்டும் முள் மட்டும் இறங்குகிறது என்றால், கசிவு உள்ளே. விஷயம் இங்கேதான் சூடுபிடிக்கிறது.

எரியும் நேரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம், தண்ணீர்ப் பக்கத்தைப் போலப் பல பத்து மடங்கு. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஹெட் கேஸ்கட். அதில் ஒரு விரிசல் விழுந்தால், ஓடும்போது புகை தண்ணீருக்குள் புகும். நிறுத்தியதும் தண்ணீர் சிலிண்டருக்குள் புகும். ரேடியேட்டரில் குமிழ் குமிழாக வருவது இதனால். ஆனால் குமிழைப் பார்த்ததும் ஹெட்டைக் கழற்றக் கூடாது. லாரியில் இன்னொரு குற்றவாளியும் இருக்கிறான். ஏர் பிரேக்குக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரையும் இதே தண்ணீர்தான் பல வண்டிகளில் குளிர்விக்கிறது. அதன் கேஸ்கட் போனாலும் இதே குமிழ்தான் வரும். இரண்டையும் பிரித்தறிய ஒரு நீலத் திரவம் உண்டு, புரோமோதைமால் ப்ளூ. ரேடியேட்டர் வாயில் மாட்டிய குழாயில் அதை ஊற்றி, மேலே தேங்கும் வாயுவை அதன் வழியாக இழுக்க வேண்டும். எரிந்த புகையில் கார்பன் டை ஆக்சைடு உண்டு. அது பட்டால் நீலம் மஞ்சளாகும். கம்ப்ரஸர் தள்ளுவது வெறும் காற்று. நீலம் நீலமாகவே நிற்கும். சந்தேகமிருந்தால் ஏர் டேங்கின் வடிகாலைத் திறந்து பாருங்கள், கூலன்ட்டின் நிறம் அங்கே தெரியலாம். ஒரு சொட்டு நிறம் மாறாததால் ஒரு ஹெட்டைக் கழற்றும் செலவு மிச்சம்.

எல்லாவற்றிலும் வினோதமான கசிவு லைனரில் வருவது. சிலிண்டரின் உட்சுவரான லைனர் பல பெரிய எஞ்சின்களில் நேராகத் தண்ணீரில் நிற்கும். பிஸ்டன் ஒவ்வொரு முறை பக்கவாட்டில் மோதும்போதும் அந்தச் சுவர் மணி போல அதிரும். சுவர் உள்வாங்கும் கணத்தில் அதை ஒட்டிய தண்ணீரில் அழுத்தம் சரிந்து, நுண்ணிய ஆவிக் குமிழ்கள் பிறக்கும். அடுத்த கணமே அவை நொறுங்கும். நொறுங்கும் இடத்தில் எழும் அழுத்தம், எஃகையே கொறித்தெடுக்கும். கப்பல்களின் சுழலி இறக்கைகள் ஏன் அம்மைத் தழும்பு போலக் குழிகின்றன என்ற கேள்விக்காக, இயற்பியலாளர் லார்ட் ரேலி 1917-இல் ஒற்றைக் குமிழின் மரணத்தைக் கணக்கிட்டார். அதே மரணம்தான் இங்கேயும். கோடிக்கணக்கான குமிழ்கள் வெளிப்புறத்திலிருந்து ஊசித் துளை போட்டுக்கொண்டே போய், ஒரு நாள் உட்புறம் வந்து சேரும். எஞ்சின் ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்துக்கு மாறியிருக்கும். ஒரு சொட்டு வெளியே வந்திருக்காது.

“நம்மூர்ல பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்குங்க?” என்று கேட்பவர்களுக்குப் பதில் இந்தத் துளைகளில் இருக்கிறது. பாதிக்குப் பாதி கலந்த எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பது நாமக்கல் வண்டிக்கு வேண்டாத பெருமை. வேண்டியது அதோடு கலந்திருக்கும் உப்புகள். நைட்ரைட் போன்றவை லைனரின் மேல் மெல்லிய படலம் போர்த்தி, குமிழின் அடியை வாங்கிக்கொள்கின்றன. மூடி நன்றாக இருந்து அழுத்தம் நின்றால் குமிழ்கள் பிறப்பதே குறையும். ஆக, மூடி கெட்டால் கொதிப்பது மட்டுமல்ல, லைனரும் அரிபடும்.

ரிப்பேர், கண்டுபிடித்த பிறகு, பெரும்பாலும் சின்ன வேலை. ஹோஸ் மாற்றுவது, பம்ப் மாற்றுவது. செம்பு ரேடியேட்டர் என்றால் ஈயம் வைத்துப் பற்றவைப்பார்கள். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த புதிய ரேடியேட்டரில் அது நடக்காது. நடுவழியில் மஞ்சள்தூளைக் கொட்டும் பழக்கத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஓட்டையை நோக்கி ஓடும் தண்ணீரோடு துகள்களும் போய்ச் சிக்கி, ஊறி அடைப்பது நல்ல இயற்பியல்தான். ஆனால் துகளுக்கு ஓட்டை எது, ரேடியேட்டர்க் குழாய் எது என்று தெரியாது. ஊர் போய்ச் சேர்ந்ததும் கழுவியாக வேண்டும்.

புதுக் கூலன்ட் ஊற்றும்போது மேல் ஸ்க்ரூவைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஹீட் காட்டும் சென்சார் காற்றுக் குமிழுக்குள் நின்றுவிட்டால், எஞ்சின் வேகும்போதே முள் ‘எல்லாம் சௌக்கியம்’ என்று காட்டும்.

எல்லாம் முடிந்தபின் அதே கைப்பம்பை மறுபடி மாட்டுவார்கள். 15 பவுண்டு. டீ வரும். மெக்கானிக், ஓட்டுநர், கிளீனர் மூவரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு முள்ளையே பார்த்து நிற்பார்கள். டீ தீரும் வரை முள் அசையவில்லை. ஓட்டுநர் காசை எண்ணிக் கொடுப்பார். கிளீனர் குடத்தை நிரப்பி, எதற்கும் இருக்கட்டும் என்று கேபினில் ஏற்றுவார்.