விதை நெல்லுக்கு உயிர் உண்டா?

இரண்டு நெல்மணிகள். ஒன்று, விதைக்காக எடுத்து வைத்த நெல். மற்றொன்று, அவித்துக் காயவைத்த நெல். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இரண்டையும் ஈர மண்ணில் போட்டால் சில நாட்களில் குட்டு வெளிப்பட்டுவிடும். விதை நெல் முளைவிடும். அவித்த நெல் அழுகிப் போகும்.

அவித்தபோது அந்த நெல்லை விட்டுப் போனது எது? அதைத் தெரிந்துகொண்டால், உயிர் உள்ளது எது, உயிர் அற்றது எது என்பது விளங்கிவிடும்.

அசைந்தால் உயிரா?

"அசைவது உயிர் உள்ளது" என்று சிறுபிள்ளைகள் சொல்வார்கள். அப்படியானால், ஓடுகிற பஸ்சுக்கு உயிர் உண்டா? நின்ற இடத்திலேயே நிற்கும் ஆலமரத்துக்கு உயிர் இல்லையா?

"வளருவது உயிர் உள்ளது" என்றும் சொல்ல முடியாது. சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டால் கற்கண்டு வளருகிறது!

அடுப்புத் தீயைப் பாருங்கள். அது விறகைத் தின்கிறது. பிராணவாயுவை எடுத்துக்கொண்டு, கரியமிலவாயுவை வெளியே விடுகிறது. ஒரு பொறி பறந்தால், பக்கத்துக் கூரையில் இன்னொரு தீ பிறக்கிறது. ஆனாலும் தீக்கு உயிர் கிடையாது.

ஏன்?

பசு புல்லைத் தின்கிறது. அந்தப் புல் பசுவின் ரத்தமாகவும், எலும்பாகவும், பாலாகவும் மாறுகிறது. உடம்பில் காயம் பட்டால் தானே ஆறுகிறது. தீ எதையும் கட்டுவதில்லை; எரிப்பதோடு சரி. கற்கண்டும், பாகில் இருக்கும் சர்க்கரையைத் தன்மேல் ஒட்டவைத்துக் கொள்கிறதே தவிர, வேறு பொருளைச் சர்க்கரையாக மாற்றுவதில்லை.

இன்னொன்று, பரம்பரை. நெல்லை விதைத்தால் நெல்தான் விளையும், கம்பு விளையாது. வைக்கோல் தீயிலிருந்து விறகைப் பற்றவைத்தால், அது விறகுத் தீயாகவே எரியும். தாய்த் தீயின் குணம் அதற்கு வருவதில்லை.

தூங்கும் உயிர்

விதை நெல் அசைவதில்லை, வளருவதில்லை, உண்பதில்லை. ஆனாலும் அதற்கு உயிர் உண்டு. அந்த உயிர் தூங்குகிறது.

நெல்லின் ஒரு முனையில் சின்னஞ்சிறு முளைக்கரு இருக்கிறது. மற்றதில் பெரும்பகுதி, அந்தக் குழந்தைக்காகத் தாய்ச்செடி கட்டிக் கொடுத்த சோறு! அதைத்தான் மனிதர்கள் பொங்கிச் சாப்பிடுகிறார்கள்.

முளைக்கரு மிக மிக மெதுவாக மூச்சு விடுகிறது. ஈரம் கூடினால் மூச்சும் கூடும்; உஷ்ணம் பிறக்கும். சரியாகக் காயாத நெல்லை மூட்டை கட்டி அடுக்கினால் உள்ளே சூடேறுவது இதனால்தான். அந்த ஈரத்தில் வளரும் பூஞ்சையும் சேர்ந்து மூச்சு விடுவதால், சூடு இன்னும் ஏறும்; விதை கெடும்.

நெல்லை அவித்தால் என்ன ஆகிறது? வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மறுபடி பழையபடி ஆகுமா? ஆகாது. அதுபோலத்தான் முளைக்கருவில் உள்ள புரதங்களும் வெந்து உருமாறிப் போகின்றன. பொருள்கள் அங்கேயேதான் இருக்கின்றன. அவை ஒன்றுகூடிச் செய்துவந்த வேலை நின்றுவிட்டது. அதுவே சாவு.

2,000 ஆண்டுத் தூக்கம்!

இஸ்ரேல் நாட்டில், சாக்கடல் ஓரத்தில் மசாடா என்ற மலைக்கோட்டை இருக்கிறது. 1960-களில் அங்கே பூமியைத் தோண்டியபோது பழங்காலத்துப் பேரீச்சங்கொட்டைகள் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 2,000 ஆண்டுகள்!

2005-ம் ஆண்டில், சாரா சாலன் என்ற பெண் டாக்டரின் முயற்சியால் 3 கொட்டைகள் ஊன்றப்பட்டன. எலைன் சாலோவே என்ற அம்மையார் அவற்றை நட்டு வளர்த்தார். 3-ல் ஒன்று முளைத்தது! அதற்கு "மெதூசலா" என்று பெயர் வைத்தார்கள். பைபிளில் 969 ஆண்டுகள் வாழ்ந்ததாகச் சொல்லப்படுகிறவரின் பெயர் அது.

மெதூசலா ஆண் மரம். பிறகு வேறொரு பழங்கொட்டையிலிருந்து "ஹன்னா" என்ற பெண் மரம் முளைத்தது. மெதூசலாவின் மகரந்தத்தால் ஹன்னா 2020-ல் பழம் தந்தது.

எல்லா விதையும் இப்படித் தாங்காது. எகிப்து நாட்டுக் கல்லறைகளில் இருந்த கோதுமை முளைத்ததாக ஒரு கதை வெகுகாலம் உலவியது. சோதித்துப் பார்த்ததில் அந்தக் கதை பொய் என்று தெரிந்தது.

சிவப்பு சொல்லும் சாட்சி

முளைக்கும்வரை காத்திராமலே, விதைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஊறிய விதையைப் பிளந்து, டெட்ராசோலியம் என்ற ரசாயனக் கரைசலில் போடுவார்கள். கரைசலுக்கு நிறம் இல்லை. முளைக்கரு மூச்சு விட்டால், அது சிவப்பாக மாறும். செத்த கரு வெளுத்தே இருக்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

விவசாயிக்கு இது வெறும் வேடிக்கை அல்ல. செத்த விதையை நாற்றங்காலில் தெளித்தால், விதைக் காசு, உழவுக் கூலி, பருவம் மூன்றும் போய்விடும்.

முட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைத்த நீரில் நெல்லைப் போட்டு, மிதப்பதை நீக்குவது வழக்கம். மூழ்கிய நெல்லை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஆனால் மூழ்கியது கனமான நெல் என்றுதான் தெரியும். உயிர் உள்ள நெல் என்று தெரியாது.

அதற்கு வேறு சோதனை. நனைத்த துணியில் 100 நெல்லை வரிசையாக வைத்துச் சுருட்டி, காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஒரு வாரம் கழித்துப் பிரித்து எண்ணுங்கள். விற்பனைக்கு வரும் சான்று விதையில் 100-க்கு 80 முளைக்க வேண்டும் என்பது விதி. அதன் ஈரம் 100-க்கு 13 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது.

சில ரகங்கள், அறுவடை ஆனவுடன் முளைக்காமல் அடம்பிடிக்கும். அது சாவு அல்ல, உறக்கம். சில வாரங்கள் பொறுத்து மறுபடி சோதித்தால் முளைக்கும்.

அதன் பிறகும் பாதி நெல் முளைக்கவில்லையானால், அதை நாற்றங்காலுக்குக் கொண்டுபோக வேண்டாம். மருந்து கலக்காத நெல்லாக இருந்தால், குத்திச் சோறாக்கிவிடலாம். விதைப்புக்கு வேறு நெல் தேட, அப்போது இன்னும் நாள் இருக்கும்.