மாடி கரண்ட்: விற்கவா, வீட்டுக்கா?

"ஏன் மாமி, வளையலை அடகு வெச்சு மாடியில அஞ்சு கிலோவாட் சோலார் போட்டா, மிச்ச கரண்டை போர்டுக்கு வித்தே தவணையைக் கட்டிடலாமாமே?"

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் என்னிடம் கேட்டாள். "வளையல் பீரோவிலேயே இருக்கட்டும், முதல்ல ஈ.பி. பில்லைக் கொண்டா" என்றேன்.

கரண்டை விற்றுச் சம்பாதிக்கும் கதை உலகம் பூராவும் இளைத்துக்கொண்டு வருகிறது. காந்தி மார்க்கெட்டில் எல்லா வண்டியிலும் ஒரே நாளில் கத்தரிக்காய் வந்து இறங்கினால் என்ன ஆகும்? அதே கதைதான். உச்சி வெயிலில் எல்லா மாடியிலும் ஒரே நேரத்தில் கரண்ட் பொங்குகிறது, விலை விழுகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீட்டு சோலாருக்கு இருந்த குறைந்தபட்ச விலையை 2025 ஜூலையில் எடுத்தே விட்டார்கள். நம் தமிழ்நாட்டிலும் 2019ல், நாம் கொடுக்கும் கரண்டுக்குத் தனி விலை, அதுவும் குறைச்சலான விலை என்று முறை மாறியது. 2021ல்தான் வீடுகளுக்கு, யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் நெட் மீட்டர் முறை திரும்பி வந்தது. ஒரு தரம் மாறியது இன்னொரு தரம் மாறாது என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே நமக்கு லாபம் விற்பதில் இல்லை. போர்டிடம் வாங்காமல் இருப்பதில்தான். 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறையில், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். சோலார் முதலில் கழிப்பது உச்சியில் இருக்கும் அந்த விலை கூடின யூனிட்டுகளைத்தான்.

அவள் பில்லில் 620 யூனிட் இருந்தது. ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு கிலோவாட் போட்டால் அறுபது நாளில் 480. மிச்சம் 140 தானே! 2024ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம். 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் ஏறாது. நாலாவதும் ஐந்தாவதும் நம் வளையல்தான்!

சரி, பேட்டரி? மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலில் கரண்டை நிறுத்துகிறார்களே, அன்று வெயில் கொளுத்தினாலும் பேட்டரி இல்லாத சோலார் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இதைப் பலர் முன்கூட்டியே சொல்வதில்லை. ஆனால் இதற்காக உடனே பெரிய பேட்டரி வாங்க ஓட வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் 150 ஆம்பியர்-ஹவர் இன்வெர்ட்டர் பேட்டரியில் சுமார் 1.8 யூனிட் இருக்கும். ஆயுள் கெடாமல் பாதியை எடுக்கலாம். இரண்டு மின்விசிறி, நாலு விளக்கு, குழந்தை தூங்க அது போதும். விற்பனை விலை மறுபடி விழுந்தால் அப்போது லிதியம் பேட்டரியைப் பற்றி யோசிக்கலாம். பின்னால் பேட்டரி சேர்க்க வசதியுள்ள ஹைபிரிட் இன்வெர்ட்டராக இப்போதே கேட்டு வாங்கினால் சரி.

கிரைண்டர், வாஷிங் மெஷின், மோட்டார், இஸ்திரி எல்லாவற்றையும் பத்து மணியிலிருந்து மூன்றுக்குள் வைத்துக்கொண்டால், விதி எப்படி மாறினாலும் கவலை இல்லை. பேட்டரியும் சிறிதாகப் போதும்.

தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழலும் விழாத இடமாகப் பாருங்கள். பலகைக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. திருச்சி அக்னி நட்சத்திரத்தில் அதன் உற்பத்தி கொஞ்சம் குறையத்தான் செய்யும். தூசியை விடிகாலையில் கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். சட்டத்தை ஒரு ஓரமாகப் போடச் சொல்லுங்கள், வடாம் காய வெயில் மிச்சம் வேண்டுமே!