கண்ணுக்குள்ளும் சளி உண்டு

நம் கண்ணிலும் சளி சுரக்கிறது, தெரியுமா?

மூக்கிலும் தொண்டையிலும் தூசியையும் கிருமியையும் பிடித்து நிறுத்துகிறதே, அதே வழுவழுப்புதான். கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் உள்ள நுண்ணிய செல்கள் அதைச் சுரக்கின்றன. கண்ணீர் உருண்டு ஓடிவிடாமல் கருவிழி முழுக்கச் சீராகப் பரவி நிற்பது அதன் உதவியால்தான். அந்தச் செல்கள் வேலை செய்ய வைட்டமின் ஏ வேண்டும். அது கிடைக்காத குழந்தைக்கு முதலில் மாலைக்கண் வரும். பிறகு கண் வறண்டு, கருவிழி புண்ணாகி, பார்வையே பறிபோகும்.

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் இது பெரும் துயரம்.

1976-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, அதற்கு முன்பே அரசு எர்ஸ்கின் மருத்துவமனையில், அதாவது இன்றைய இராசாசி மருத்துவமனையில், இந்தக் குழந்தைகளுக்காகப் போராடினார். மருந்து கொடுத்து அனுப்பியதோடு அவர் நிற்கவில்லை. சத்துணவு மறுவாழ்வு மையம் ஒன்றை ஏற்படுத்தினார். அங்கே தாய்மாரும் பிள்ளைகளோடு தங்கி, ஊரில் மலிவாகக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே சத்தாகச் சமைக்கக் கற்றுக்கொண்டார்கள். எவ்வளவு அருமையான வைத்தியம்!

நம் கொல்லையில் நிற்கும் முருங்கையின் கீரையிலேயே, உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் சத்து நிறைய இருக்கிறது. வதக்கும்போது கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். அந்தச் சத்து எண்ணெயில்தான் கரையும். அப்போதுதான் உடம்பிலும் நன்றாகச் சேரும்.