பல்லைக் கடிக்காதீங்க சார்!

இந்த வரியைப் படிக்கிற இந்த விநாடியில் ஒரு சின்ன சோதனை. அப்படியே இருங்கள், அசையாதீர்கள். உங்கள் மேல் பற்களும் கீழ்ப் பற்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா?

'ஆமா, வாயை மூடினா பல்லு தொடத்தானே செய்யும், இதென்ன கேள்வி?' என்கிறீர்களா? சங்கதியே அங்கேதான் இருக்கிறது. வாய் மூடியிருக்கலாம், பல் மூடியிருக்கக் கூடாது. உதடு சேர்ந்து, பல் பிரிந்து, தாடை தளர்ந்து இருப்பதுதான் இயற்கை. மெல்லும்போதும் விழுங்கும்போதும் பற்கள் சந்தித்துக்கொண்டால் போதும். மற்ற நேரமெல்லாம் மேல் போர்ஷன்காரரும் கீழ் போர்ஷன்காரரும் மாதிரி தள்ளியே இருக்க வேண்டும்.

நம்ம வழக்கம் வேறு. மேனேஜர் திட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறோம். மாசக் கடைசியைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறோம். கம்ப்யூட்டர் திரையை முறைத்தபடி எட்டு மணி நேரம் நம்மை அறியாமலே கடித்துக்கொண்டிருக்கிறோம். மாசக்கணக்கில் இறுகிக் கிடந்த தசை சும்மா இருக்குமா? ஒரு நாள் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

எனக்கு மார்ச் மாசம் கொடுத்தது, வருஷக் கணக்கு முடிக்கிற நேரம் பார்த்து. வலது பக்கம் மேல் கடைவாய்ப் பல்லில் விண் விண்ணென்று வலி. காபி குடித்தாலும் வலி, குடிக்காவிட்டாலும் வலி. காதுக்குள் அடைத்த மாதிரி ஓர் உணர்வு. சாயங்காலமானால் நெற்றிப்பொட்டில் சம்மட்டி அடி.

பக்கத்து சீட் நண்பர் உடனே வைத்தியம் சொன்னார். "அந்தப் பல்லைப் புடுங்கிப் போட்டுடுங்க சார். போன வருஷம் எனக்கும் இதே வலிதான். புடுங்கிட்டேன்."

"வலி போயிடுச்சா?"

"இல்ல சார். இப்ப அடுத்த பல்லு வலிக்குது!"

அந்தப் பதிலைக் கேட்டதும் உஷாராகி, ஒரு வயதான பல் டாக்டரிடம் போனேன். பல்லைத் தட்டிப் பார்த்தார். ஐஸ் வைத்துப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். பல்லில் பழுதே இல்லை. பிறகு என் கன்னத்தில், கன்ன எலும்புக்குச் சற்றுக் கீழே ஓர் இடத்தில் விரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார்.

அம்மாடியோவ்! அழுத்தினது கன்னத்தில், வலித்தது பல்லில். அதே பல், அதே விண் விண்!

"இதுதான் தம்பி உங்க பல்வலி. பல்லு நிரபராதி. தசைதான் குற்றவாளி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

யார் இந்தத் தசை?

கன்னத்தில் கை வைத்துப் பல்லை ஒரு தரம் கடித்துப் பாருங்கள். விரலுக்கடியில் கொழுக்கட்டை மாதிரி புடைக்கிறதே, அதுதான் மாசிட்டர். கன்ன எலும்பில் தொடங்கி தாடையின் கோணம் வரை இறங்குகிற தசை. நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக் கடித்தால் அங்கேயும் ஒன்று அசையும். அது டெம்பொராலிஸ். நாம் மெல்லுவது, கடிப்பது, கோபத்தை விழுங்குவது எல்லாம் இந்த இருவர் கூட்டணியில்தான்.

ஓயாமல் இறுகிய தசையில் சில இடங்கள் முடிச்சுப் போட்ட கயிறு மாதிரி கெட்டியாகி, தொட்டாலே துடிக்க ஆரம்பித்துவிடும். இவற்றுக்கு ட்ரிகர் பாயின்ட் என்று பெயர். ட்ரிகர் என்றால் துப்பாக்கி விசை. பொருத்தமான பெயர்தான். விசையை இழுப்பது ஓரிடம், குண்டு பாய்வது வேறிடம். மாசிட்டரின் மேல் பகுதியில் முடிச்சு என்றால் மேல் கடைவாய்ப் பல் வலிக்கும். கீழ்ப் பகுதியில் என்றால் கீழ்ப் பல். ஆழத்தில் இருந்தால் காது. டெம்பொராலிஸில் என்றால் தலைவலி, கூடவே மேல் பல்வலி.

இந்த வலிகளுக்கு 'ரூட் மேப்' போட்டவர்களில் முக்கியமானவர் ஜேனட் டிராவெல் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர். முதுகுவலியால் அவதிப்பட்ட ஜனாதிபதி கென்னடிக்கு 1961-ல் வெள்ளை மாளிகை மருத்துவரானவர். டேவிட் சைமன்ஸ் என்ற டாக்டருடன் சேர்ந்து 1983-ல் இவர் வெளியிட்ட கையேடுதான் இன்றும் பல பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கு வேதம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த முடிச்சு உள்ளுக்குள் உண்மையில் என்ன என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே சண்டை ஓயவில்லை. ஒரே கன்னத்தைத் தொட்டுப் பார்த்து ஆளுக்கொரு இடம் காட்டுகிறவர்களும் உண்டு. ஆனால், தசையின் வலி பல்லில் போய்த் தெரியும் என்பதில் தகராறு இல்லை.

கை வைத்தால் சரியாகுமா?

டாக்டர் என்னை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். சின்னப் பெண்தான். விரல் மட்டும் இரும்பு!

"வலி பத்துக்கு அஞ்சைத் தாண்டினா கையைத் தூக்குங்க சார். வாயில என் விரல் இருக்கும், உங்களால பேச முடியாது" என்றார். (கல்யாணமான எனக்கு இது ஒன்றும் புது அனுபவம் இல்லை!)

கையுறை மாட்டிக்கொண்டு, கட்டை விரலைக் கன்னத்தின் உள்பக்கமும் மற்ற விரல்களை வெளிப்பக்கமும் வைத்து, முடிச்சைப் பிடித்து அசையாமல் அழுத்தினார். முதல் பத்து விநாடி உயிர் போனது. ஒரு நிமிஷம் போவதற்குள், வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி ஏதோ ஒன்று இளகியது. பிறகு மேலிருந்து கீழாக மெதுவாக நீவிவிட்டார். வாரம் ஒரு தரம் என்று ஐந்து வாரம். கடைசி வாரம் கொட்டாவி விட்டேன், வலியே இல்லாமல். என்ன சுகம் தெரியுமா!

இது எனக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டம் அல்ல. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை வலிக்கு எது பலன் தரும் என்று ஒரு நிபுணர் குழு ஆராய்ந்து, 2023 டிசம்பரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அழுத்தமாகப் பரிந்துரைத்தவற்றில் கையால் முடிச்சு எடுப்பது, தாடைப் பயிற்சி, பேச்சு வழி மனச் சிகிச்சையோடு சேர்ந்த மனதைத் தளர்த்தும் பயிற்சி எல்லாம் உண்டு. ராத்திரி பல்லில் மாட்டுகிற பிளாஸ்டிக் தகடு? நறநறவென்று அரைப்பவர்களின் பல் தேயாமல் அது காப்பாற்றும். நாள்பட்ட வலிக்கு அதை நம்பாமலிருப்பதே மேல் என்பது அந்தக் குழுவின் கட்சி.

நீங்களே செய்யலாம்

"என் கை பாதி வேலைதான் சார். மீதி உங்க கையில" என்று அந்தப் பெண் எழுதிக் கொடுத்த பட்டியல் இது:

1. கன்னத்தில் பத்து நிமிஷம் வெந்நீர் ஒத்தடம். சூடு இதமாக இருக்கட்டும், தோலை வேக வைக்க வேண்டாம்.

2. பல்லைக் கடித்துத் தசையைக் கண்டுபிடியுங்கள். கடியை விட்டுவிட்டு, இரண்டு விரல் நுனியால் தொட்டால் வலிக்கிற இடத்தை 30 விநாடி மிதமாக அழுத்துங்கள். மூச்சு மெதுவாக. பிறகு கீழ்நோக்கி நீவுங்கள். மூன்று தரம், காலை மாலை. தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் விரல் போகக் கூடாது. அங்கே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் இருக்கிறது.

3. நாக்கு நுனியை 'ன்' என்று சொல்கிற இடத்தில் வையுங்கள். 'ந்' சொன்னால் பல்லில் முட்டும். 'ண்' சொன்னால் உள்ளே மடங்கும். நடுவில் இருக்கிற 'ன்'தான் சரி. அங்கேயே நாக்கை வைத்தபடி, வலிக்காத அளவுக்கு வாயைத் திறந்து மூடுங்கள். ஆறு தரம். (மூணு 'ன'வுக்கும் வித்தியாசம் சொல்லி அடித்த தமிழ் வாத்தியார் வாழ்க!)

4. மற்ற நேரமெல்லாம் உதடு சேர்த்து, பல் பிரித்து, நாக்கு 'ன்'னில். போன் அடிக்கும்போதெல்லாம் ஒரு தரம் சரிபாருங்கள்.

5. சூயிங் கம், சீடை, நகம், பேனா மூடி... கொஞ்ச நாளைக்கு எதையும் கடிக்காதீர்கள். போனைத் தோளில் இடுக்கிப் பேசுவது, கன்னத்துக்கு முட்டுக்கொடுத்து உட்காருவது, குப்புறப் படுப்பது, மூன்றுக்கும் கும்பிடு.

இது விளையாட்டில்லை

எல்லாத் தாடை வலியும் தசை வலி அல்ல. நெஞ்சு இறுக்கம், வியர்வை, கைவலி, மூச்சுத்திணறலோடு தாடை வலித்தால் நீவிக்கொண்டு உட்காராதீர்கள். மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சல், வீக்கம், திடீரென்று வாய் பூட்டிக்கொள்வது என்றால் அன்றைக்கே டாக்டர்.

வீட்டில் 50 வயது தாண்டிய அப்பா, அம்மாவுக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, மெல்ல மெல்லத் தாடை அசந்து வலிக்கிறது என்றால் தள்ளிப்போட வேண்டாம். அது ரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால் கண் பார்வையே பறிபோகலாம்.

பாக்கு, பான் மசாலா பழக்கம் உள்ள இளைஞர்கள் இன்னொரு சோதனை செய்யுங்கள். உங்கள் மூன்று விரலை அடுக்கி வாயில் நுழையுங்கள். நுழையவில்லையா? காரம் பட்டால் வாய் எரிகிறதா? வாயின் உள்தோல் கயிறு மாதிரி இறுகிக்கொண்டு வருகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். புற்றுநோயாக மாறக்கூடிய நிலை அது. எந்த நீவலும் உதவாது. பாக்கைத் தூக்கி எறிந்துவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

பக்கத்து சீட் நண்பரையும் அதே பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவருக்கும் தசைதான். அடுத்த பல் பிழைத்தது. போன பல் போனதுதான், அதை யார் திருப்பித் தர முடியும்?

இப்போதெல்லாம் மேனேஜர் கூப்பிட்டுத் திட்டினால், மனிதர் உதட்டைச் சேர்த்து, பல்லைப் பிரித்து, நாக்கை 'ன்'னில் வைத்து, புத்தர் மாதிரி சாந்தமாக நிற்கிறார்.

"யோவ், இவ்வளவு திட்டறேன், உனக்குக் கோபமே வராதா?"

பதில் இல்லை. பாவம், பல்லைக் கடிப்பது இப்போது மேனேஜர்தான்!